பழைய பிக்கப், உப்பு ரோடு, வெடிக்கிற பிரேக் பைப்

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி இங்கே தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட்ல கையில கொஞ்சம் கிரீஸ் ஒட்டும், பரவாயில்லையா? பிரேக் பத்திப் பேசப்போறோம். அதுவும் டிஸ்க், பேட் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம் இல்ல. வண்டிக்கு அடியில, யாருமே குனிஞ்சு பார்க்காத இடத்துல ஓடுற, பென்சிலைவிட ஒல்லியான ஒரு இரும்பு பைப் பத்தி.

ஒரு காட்சி சொல்றேன். அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம். மார்ச் மாசம், பனி உருகி ரோடெல்லாம் சகதி. ஒருத்தர் 2001 மாடல் செவ்ரோலே சில்வராடோ பிக்கப் ஓட்டிட்டுப் போறார். வண்டிக்கு அவர் மூணாவது ஓனர். எஞ்சின் நல்லா இருக்கு, பிரேக் பேடு போன வருஷம்தான் மாத்தினது. திடீர்னு முன்னாடி போன கார் நிக்குது. இவர் முழு பலத்தோட பிரேக்கை மிதிக்கிறார். ஒரு நொடி பெடல் கெட்டியா இருக்கு. அப்புறம் கால் அப்படியே உள்ள இறங்கிடுது. டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரியுது. வண்டி நிக்கணும்னு அவர் நினைச்ச இடத்தைத் தாண்டிப் போயிட்டே இருக்கு.

இது ஒரு குறிப்பிட்ட ஆளோட கதை இல்ல. இந்த ரக வண்டிகளைப் பத்தி அமெரிக்க அரசுக்குப் போன புகார்கள்ல திரும்பத் திரும்ப வர்ற காட்சி இதுதான். அதுல என்னை யோசிக்க வெச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அன்னைக்குக் காலையில வீட்டு வாசல்ல பிரேக் பிடிச்சுது. சிக்னல்ல பிடிச்சுது. பெட்ரோல் பங்க்ல பிடிச்சுது. உயிர் போற அவசரத்துல மட்டும் கைவிட்டுடுச்சு. ஏன்?

"கெட்ட நேரம்"னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா நேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது நேரடியான ஃபிசிக்ஸ்.

நீங்க பெடலை மிதிச்சா என்ன நடக்குது? மாஸ்டர் சிலிண்டர்னு ஒண்ணு இருக்கு. உங்க கால் பலம், பூஸ்டர் குடுக்கிற உதவி ரெண்டும் சேர்ந்து அதுக்குள்ள இருக்கிற பிரேக் ஆயிலை அழுத்துது. ஆயில் சுருங்காது. அதனால அந்த அழுத்தம் அப்படியே பைப் வழியா நாலு சக்கரத்துக்கும் போய் பேடை டிஸ்க் மேல நெருக்குது. ஸ்கூல்ல படிச்ச பாஸ்கல் விதிதான், வேற ஒண்ணும் இல்ல.

இப்ப அழுத்தத்தோட அளவைப் பாருங்க. கார் டயர்ல நாம காத்து அடிக்கிறது 30, 35 பிஎஸ்ஐ. மெதுவா பிரேக் பிடிக்கும்போது அந்த ஒல்லி பைப்புக்குள்ள சில நூறு பிஎஸ்ஐ இருக்கும். அலறிட்டு மிதிக்கும்போது 1000 பிஎஸ்ஐயைத் தாண்டிப் போகும். டயர் அழுத்தத்தைப்போல 30 மடங்கு! புது பைப்புக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. அது இதைவிடப் பல மடங்கு தாங்குற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. ஆனா வெளிப்பக்கத்துல இருந்து துரு தின்னுட்டே வந்து, ஒரு இடத்துல மட்டும் பைப்போட சுவர் காகிதம் மாதிரி ஆகிடுச்சுன்னு வைங்க. அந்த இடம் சில நூறு பிஎஸ்ஐயைத் தாங்கும். தினமும் தாங்கும், மாசக்கணக்குல தாங்கும். ஆயிரத்தைத் தாங்காது.

அதாவது தினசரி கிளாஸ் டெஸ்ட்ல எல்லாம் பாஸ் ஆகிட்டு வந்த பைப், பப்ளிக் எக்ஸாம்ல ஃபெயில் ஆகுது. எக்ஸாம் எப்போன்னா, யாரோ குறுக்கே வந்த அந்த நொடி. எப்பவுமே இப்படித்தான்னு சொல்லல. சில வண்டிகள்ல முன்கூட்டியே மெல்லக் கசியும், ஆயில் குறையும், பெடல் பஞ்சு மாதிரி ஆகும். அவங்க அதிர்ஷ்டசாலிங்க. ஆனா வலுவிழந்த பைப் உடையுற வாய்ப்பு எப்ப ரொம்ப அதிகம்னு கேட்டா, உங்களுக்கு பிரேக் ரொம்பத் தேவைப்படுற நேரத்துலதான்.

சரி, இரும்பு பைப் ஏன் இவ்வளவு மோசமாத் துருப்பிடிக்குது? இங்கதான் உப்பு வருது.

அமெரிக்காவோட வடகிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்கள்லயும் கனடாவுலயும் குளிர்காலத்துல ரோட்டுல பனி உறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆகிடும். அதை உருக்க உப்பு போடுவாங்க. நாம சாப்பிடுற அதே சோடியம் குளோரைடுதான், சுத்திகரிக்காத பாறை உப்பு. உப்பு கலந்த தண்ணி 0 டிகிரியில உறையாது, இன்னும் கீழ போகணும். இந்தப் பழக்கம் 1940களோட ஆரம்பத்துல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல பரவலா தொடங்கி, உலகப்போருக்குப் பிறகு நெடுஞ்சாலைகள் பெருகப் பெருக எல்லா இடத்துக்கும் போச்சு. உயிர்களைக் காப்பாத்துற பழக்கம்தான், அதுல சந்தேகம் வேண்டாம். உப்பு போடலைன்னா வழுக்கியே நிறைய பேர் போயிருப்பாங்க.

பிற்பாடு இன்னொரு மாற்றம் வந்துச்சு. கல் உப்பு மட்டும் இல்லாம, உப்புக் கரைசலாவே, சில இடங்கள்ல மக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு கலந்தும், பனி விழறதுக்கு முன்னாடியே ரோட்டுல தெளிக்க ஆரம்பிச்சாங்க. பனி ரோட்டோட ஒட்டாது, ரொம்ப வசதி. ஆனா இந்தக் கரைசல் வண்டிக்கு அடியில நல்லா ஒட்டிக்கும்.

இதைப் புரிஞ்சுக்க நம்ம சமையலறைக்கு வாங்க. மழைக்காலத்துல கல்லுப்பு ஜாடியைப் பார்த்திருப்பீங்க. யாரும் தண்ணி ஊத்தாமலேயே அடியில நீர் விட்டு நிக்கும். காத்துல இருக்கிற ஈரத்தை உப்பு தானே இழுத்துக்குது. சுத்தமான சோடியம் குளோரைடுக்கு காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் இருந்தாதான் இது நடக்கும். மக்னீசியம் குளோரைடுக்கு சுமார் 33 சதவீதமே போதும். தூள் உப்பைவிட கல்லுப்பு ஏன் சீக்கிரம் நீர்த்துப் போகுதுன்னா, அதுல இந்த மக்னீசியம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. இப்ப அந்த ஜாடியைத் தூக்கி பிரேக் பைப் மேல கவுத்த மாதிரி யோசிச்சுப் பாருங்க. ரோடு காஞ்சிருக்கும், வண்டி காஞ்சிருக்கிற மாதிரி தெரியும். ஆனா பைப் மேல படிஞ்ச அந்தப் படலம் மட்டும் ஈரமாவே இருக்கும். துருவுக்கு வேண்டியது இரும்பு, ஆக்சிஜன், ஈரம். கூட குளோரைடு இருந்தா வேகம் எங்கயோ போயிடும்.

இதுல ஒரு வேடிக்கை. கடுங்குளிர்ல துரு மெதுவாத்தான் போகும். எல்லா வேதிவினையும் குளிர்ல சோம்பேறிதான். உப்புச் சகதியோட வந்த வண்டியை இதமான சூட்டுல இருக்கிற கராஜ்ல நிறுத்தினா, துரு சுறுசுறுப்பா வேலையை ஆரம்பிக்கும். ஆசையா உள்ள நிறுத்தி வெச்ச வண்டிக்கு, வெளியில கிடக்கிற வண்டியைவிட சில சமயம் சேதம் அதிகம். பனி உருகுற மார்ச், ஏப்ரல் மாசங்களும் அப்படித்தான்.

அடுத்த கேள்வி: ஏன் குறிப்பா பழைய பிக்கப்?

பிக்கப்போட அமைப்பைப் பார்க்கணும். பெரும்பாலான கார்கள்ல பாடியே எலும்புக்கூடு. பிக்கப்ல அடியில லாரி மாதிரி ரெண்டு நீளமான ஸ்டீல் சட்டம், அதுக்கு மேல பாடி. பிரேக் பைப் முன்னாடி எஞ்சின் பக்கத்துல தொடங்கி, அந்தச் சட்டத்தை ஒட்டியே பின் ஆக்சில் வரைக்கும் ஓடும். வண்டி நீளமானதால பைப்பும் நீளம். அங்கங்க பிளாஸ்டிக் கிளிப் போட்டுப் பிடிச்சிருப்பாங்க. அந்தக் கிளிப்தான் வில்லன். சட்டத்துக்கும் கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவுல உப்புச் சேறு போய் உட்கார்ந்துக்கும். தண்ணி பீய்ச்சினாலும் வெளிய வராது. வெளியில தெரியுற பைப் ஓரளவு நல்லா இருக்கும். கிளிப்பைக் கழட்டினா அடியில புண்ணாகிக் கிடக்கும்.

பைப்பே ரொம்பச் சின்னது. வெளி விட்டம் 4.76 மில்லிமீட்டர்தான், ஒரு அங்குலத்துல பதினாறுல மூணு பங்கு. தகட்டை ரெண்டு சுத்து சுருட்டி, நடுவுல செம்பு உருக்கி ஒட்ட வெச்ச இரட்டைச் சுவர். ரெண்டு சுவரும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டர் கனம் வராது. இதுக்கு மேல ஒரு பாதுகாப்புப் பூச்சு. துத்தநாகம், அலுமினியம் கலந்த பூச்சு சில வண்டிகள்ல. பிற்பாடு வந்த பல வண்டிகள்ல நைலான் பூச்சு, அது நல்லா தாங்குது. பூச்சு போனா கீழ இருக்கிறது சாதா இரும்பு. அரிக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல. இதுதான் மொத்தப் பாதுகாப்பு.

பயன்பாடும் ஒரு காரணம். பிக்கப் உழைக்கிற வண்டி. பனி தள்ளுற பிளேடு மாட்டி, உப்பு தூவுன ரோட்டுலயே நாள் முழுக்கச் சுத்தும். பண்ணைக்குப் போகும். 20 வருஷம் ஆனாலும் யாராவது வாங்குவாங்க. அமெரிக்க ரோட்டுல ஓடுற வண்டிகளோட சராசரி வயசே இப்ப 12 வருஷத்துக்கு மேல. முதல் ஓனர் புதுசா வாங்கி அஞ்சாறு வருஷத்துல வித்துடுவார். துருவோட முழு பலனையும் அனுபவிக்கிறது மூணாவது, நாலாவது ஆள். பெரும்பாலும் காசு இல்லாதவர். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்"னு சொல்வாங்க. இங்க தின்னது ஒருத்தர், குடிக்கிறது இன்னொருத்தர்.

இப்ப பெரிய கேள்விக்கு வருவோம். இதுக்கு யார் பொறுப்பு?

2010ல அமெரிக்காவுல வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கிற அமைப்பு, தேசிய நெடுஞ்சாலை போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், ஜெனரல் மோட்டார்ஸோட பிக்கப், எஸ்யுவிகள்ல பிரேக் பைப் துருப்பிடிச்சு உடையுறது பத்தி விசாரணையைத் தொடங்கினாங்க. 1999ல இருந்து 2003 மாடல் வரைக்கும். செவ்ரோலே சில்வராடோ, ஜிஎம்சி சியரா, டாஹோ, சபர்பன், இப்படி ஒரே அடித்தளத்துல செஞ்ச வண்டிகள். கிட்டத்தட்ட 50 லட்சம் வண்டி. விசாரணை அஞ்சு வருஷம் இழுத்துச்சு. ஆயிரக்கணக்குல புகார்.

2015 ஏப்ரல்ல முடிவு வந்துச்சு. ரீகால் இல்ல.

அவங்க சொன்ன காரணம் இதுதான்: இது டிசைன்லயோ தயாரிப்புலயோ இருந்த குறை இல்ல. உப்பு ரோட்டுல பல வருஷம் ஓடினதால பூச்சு தேய்ஞ்சு, பைப்போட ஆயுள் முடிஞ்சிடுச்சு. அதே காலத்துல வந்த மத்த கம்பெனி வண்டிகள்லயும் இந்தப் பிரச்சினை இருக்கு. அதனால அன்னைக்கே எல்லாக் கம்பெனி வண்டிக்கும் சேர்த்து ஒரு பொது எச்சரிக்கை விட்டாங்க. 2007க்கும் அதுக்கு முன்னாடியும் வந்த வண்டி வெச்சிருக்கீங்களா, உப்பு போடுற 20 மாநிலத்துலயோ தலைநகர் வாஷிங்டன்லயோ இருக்கீங்களா, அப்போ குளிர்காலத்துல வண்டிக்கு அடியில அடிக்கடி கழுவுங்க, பிரேக் பைப்பை ஆள் வெச்சுப் பாருங்க, துரு இருந்தா மொத்த பைப்பையும் மாத்துங்க. ஏழு எட்டு வருஷம் உப்புல ஓடினாலே அரிப்பு ஆபத்தான அளவுக்குப் போயிடலாம்னும் சொன்னாங்க.

இதை எப்படி எடுத்துக்கிறது? ரெண்டு ஒப்பீடு சொல்றேன்.

ஒண்ணு, டொயோட்டா டன்ட்ரா. இதுவும் பிக்கப்தான். 2000ல இருந்து 2003 மாடல் வரை சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் வண்டியை 2009 கடைசியில ரீகால் பண்ணாங்க. அதே 20 குளிர் மாநிலங்கள்ல. அதுல சட்டத்தோட பின் குறுக்குக் கட்டை துருவுல அரிச்சு, அதுல தொங்குற ஸ்டெப்னி ரோட்டுல விழ வாய்ப்பு இருந்துச்சு. சில வண்டியில அந்த இடத்துல இருந்த பின் பிரேக் பாகங்களும் போயிடலாம். ரெண்டாவது, சுபாரு. 2014ல சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் கார். அதுல எரிபொருள் டேங்கைக் காக்கிற கவசத்துல இருந்த ஒரு இடைவெளி வழியா உப்புத் தண்ணி சரியா பிரேக் பைப் மேலயே தெறிச்சுது. காரணம் தெளிவாத் தெரிஞ்சுது, ரீகால் வந்துச்சு.

சுபாரு வழக்குல "இந்த இடத்துல இந்த ஓட்டை"னு விரல் நீட்ட முடிஞ்சுது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில அப்படி ஒரு ஓட்டை இல்ல. பைப் முழுக்க மெல்ல மெல்லத் துரு. ஒரே இடத்துல தப்பு இருந்தா குறை, எல்லா இடத்துலயும் மெதுவா நடந்தா தேய்மானம். சட்டத்தோட பார்வையில இந்த வித்தியாசம் நியாயம்தான். பைப் உடைஞ்ச வண்டியில உட்கார்ந்திருக்கிறவருக்கு இது எந்த வித்தியாசமும் இல்ல.

எனக்கு இந்த முடிவுல உறுத்துறது வேற. "தேய்மானப் பொருள்"னா என்ன? பிரேக் பேடு தேய்மானப் பொருள். தேய்ஞ்சா கீச்சுனு சத்தம் போடும், அதுக்குன்னே ஒரு தகடு வெச்சிருக்காங்க. டயர் தேய்மானப் பொருள். பட்டன் தேய்ஞ்சது கண்ணுக்குத் தெரியும். பிரேக் பைப்புக்கு என்ன இருக்கு? மேனுவல்ல "பரிசோதிக்கவும்"னு ஒரு வரி. அதுக்கு ஆயுள் இத்தனை வருஷம்னு யாரும் சொல்லி விக்கல. ஆயுள் முடிஞ்சா தெரிவிக்க எந்த ஏற்பாடும் இல்ல. சத்தம் போடாத, கண்ணுல படாத ஒரு பொருளை, உடைஞ்ச பிறகு "அது தேய்மானப் பொருள்தானே"னு சொல்றது எனக்கு ஒப்புக்க முடியல.

இன்னொரு கணக்கு இருக்கு, இதை யாரும் பெருசாப் பேசறதில்ல. அமெரிக்கச் சட்டத்துல ரீகால் வந்தா இலவசமாச் சரிபண்ணித் தரணும், ஆனா வயசு வரம்பு உண்டு. 2015 ஏப்ரல்ல அந்த வரம்பு 10 வருஷம். அதே வருஷம் டிசம்பர்ல வந்த ஒரு சட்டம்தான் அதை 15 ஆக்குச்சு. இப்ப கூட்டிக் கழிச்சுப் பாருங்க. 2003 மாடல் வண்டிக்கு 2015ல 12 வயசு. அன்னைக்கே ரீகால் அறிவிச்சிருந்தாலும், இந்த வண்டிகளுக்கு இலவசமாச் செஞ்சு தரணும்னு சட்டம் கட்டாயப்படுத்தியிருக்காது. துரு ஏழு எட்டு வருஷம் எடுத்துக்குது, புகார் சேர ரெண்டு மூணு வருஷம், விசாரணை அஞ்சு வருஷம். மெதுவா வர்ற ஆபத்து, கடிகாரத்தோட போட்டி போட்டு ஜெயிச்சிடுது.

அப்புறம் வருஷா வருஷம் வண்டியைச் சோதிக்கிற விஷயம். அங்க அது மாநிலத்துக்கு மாநிலம் வேற. பென்சில்வேனியாவுல வருஷாந்திரப் பாதுகாப்புச் சோதனை உண்டு. மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்து, பைப் மோசம்னா ஸ்டிக்கர் தரமாட்டார். பக்கத்துல இருக்கிற ஒஹையோவுலயும், மிஷிகன்லயும் சொந்த வண்டிக்கு அப்படி ஒண்ணும் இல்ல. ஒரே உப்பு, ஒரே பனி, ஒரே மாடல் வண்டி. மாநில எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் யாராவது பார்ப்பாங்க, அந்தப் பக்கம் யாரும் பார்க்க மாட்டாங்க. "சோதனைன்னாலே காசு புடுங்குற வேலை"னு அங்கயும் சொல்றவங்க உண்டு. சில இடத்துல உண்மையாவும் இருக்கலாம். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை யாரோ ஒருத்தர் டார்ச் அடிச்சு அடியில பார்க்கிறதுக்கு மாத்தா ஒண்ணும் கிடையாது.

நம்ம ஊர்ல வாடகைக்கு ஓடுற வண்டிக்கு எஃப்சி இருக்கு. எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம். அது எவ்வளவு ஒழுங்கா நடக்குதுங்கிறது வேற எபிசோட்! சொந்தக் காருக்கு 15 வருஷம் வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. நமக்குப் பனி இல்ல, ரோட்டுல உப்பு இல்ல. ஆனா கடல் இருக்கு. பெசன்ட் நகர்ல பைக் வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், சைலன்சர் என்ன ஆகும்னு. மீன் லோடு ஏத்துற மினி லாரியில ஐஸ் உருகி உப்புத் தண்ணி நாள் முழுக்கச் சட்டத்து மேல சொட்டும். அங்க நடக்கிறதும் இதே வேதியியல்தான். டொரான்டோவுல இருந்து கேக்கிற நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லவே வேண்டாம். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனா முதல்ல முட்டி போட்டுக் கீழ பாருங்க, பாடி பளபளப்பெல்லாம் அப்புறம்.

சரி, நடைமுறைக்கு வரேன். ஓடிட்டு இருக்கும்போது பைப் உடைஞ்சா என்ன ஆகும்?

பிரேக் முழுசாப் போயிடாது. இதை ஞாபகம் வெச்சுக்கிட்டா பதட்டம் பாதி குறையும். மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரெண்டு தனித்தனி அறை. இந்தப் பிக்கப்கள்ல முன் சக்கரத்துக்கு ஒண்ணு, பின் சக்கரத்துக்கு ஒண்ணு. பின்னாடி போற நீள பைப் உடைஞ்சா பின் அறை காலியாகும், பெடல் சர்ருனு கீழ போகும். ஆனா இன்னும் அழுத்தினா, கிட்டத்தட்ட தரைக்குப் பக்கத்துல, முன் பிரேக் பிடிக்கும். அதிர்ச்சியில நிறைய பேர் காலை எடுத்துடுவாங்க. எடுக்கக் கூடாது. விட்டு விட்டு மிதிங்க, அழுத்திப் பிடிங்க, கியரைக் குறைங்க. ஹேண்ட் பிரேக் இந்த வண்டிகள்ல ஆயில்ல இல்ல, கேபிள்ல வேலை செய்யுது. அதனால பைப் உடைஞ்சாலும் அது உயிரோட இருக்கும். மெதுவா போடணும், ஒரே இழுப்புல போட்டா பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சுத்திடும். நிக்கிற தூரம் கண்டிப்பா அதிகமாகும். பின்னாடி லோடோ டிரெய்லரோ இருந்தா இன்னும் மோசம். முன் சக்கரத்துக்குப் போற பைப் உடைஞ்சா அதைவிட மோசம், ஏன்னா நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன் சக்கரத்தோடது. நிறுத்தினதுக்கு அப்புறம், "மெதுவாவே வீட்டுக்குப் போயிடலாம்"னு மட்டும் நினைக்காதீங்க. டோ வண்டியைக் கூப்பிடுங்க.

உடையறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கிறது எப்படி? டிரைவர் பக்கச் சட்டத்தோட உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. மேலோட்டமா பழுப்பு நிறம் இருந்தா உடனே பயப்பட வேண்டாம். செதில் செதிலா உரியுதா, கொப்புளம் மாதிரி பொங்கியிருக்கா, எங்கயாவது ஈரமாப் பளபளக்குதா? அப்போ அது முடிஞ்ச கதை. துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறேன்னு கிளம்பாதீங்க, சுரண்டும்போதே ஓட்டை விழும். பிரேக் ஆயில் டப்பாவுல அளவு காரணமில்லாம இறங்கினா, மேல ஊத்தி நிரப்பிட்டுப் போறது வைத்தியம் இல்ல.

அனுபவசாலி மெக்கானிக்குங்க செய்யுற ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். வண்டி நின்ன இடத்துல, எஞ்சின் ஓடும்போது, பார்க்கிங்ல போட்டுட்டு, பெடலை முழு பலத்தோட சில தடவை மிதிப்பாங்க. நல்ல பைப் தாங்கும். உடையப்போறது அங்கயே உடையும். "இருந்த வண்டியைக் கெடுத்துட்டாங்க"னு வண்டிக்காரர் சண்டைக்கு வருவார். ஆனா முதல்ல பேசினோம் இல்ல, அந்த ஆயிரம் பிஎஸ்ஐ எக்ஸாம், அதை ரோட்டுல எழுதாம பட்டறையில எழுத வைக்கிறாங்க, அவ்வளவுதான். உங்க வண்டியைப் பட்டறை வாசல்ல வெச்சுத்தான் இதைச் செய்யணும், வீட்ல செஞ்சு உடைச்சுட்டு எப்படி ஓட்டிட்டுப் போவீங்க?

மாத்துறதுன்னா முழுசா மாத்தணும். உடைஞ்ச ஒரு ஜாணை மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போட்டா, மூணு மாசத்துல பக்கத்து இடம் போகும். எல்லாமே ஒரே வயசு, ஒரே உப்புல ஊறினது. நடுவுல ஒட்டுப் போட தண்ணிக் குழாய்க்குப் போடுற மாதிரி நசுக்கிப் பிடிக்கிற இணைப்புகள் கடையில கிடைக்கும். பிரேக்குக்கு அது கூடவே கூடாது, அந்த அழுத்தத்துல உருவிட்டு வந்துடும். பைப் முனையை ரெண்டு மடிப்பா விரிச்சு, நட்டு போட்டு இறுக்கணும். அதுக்குத் தனி டூல் இருக்கு. வீட்டுச் செம்புக் குழாயும் வேண்டாம், அதிர்வுல விரிசல் விடும். செம்போட பத்துல ஒரு பங்கு நிக்கல் கலந்த பைப் இப்ப நல்லாக் கிடைக்குது. உப்புக்கு அசையாது, கையாலயே வளைக்கலாம். வால்வோ 1976ல இருந்தே தன்னோட கார்கள்ல இந்த உலோகத்தைத்தான் போட்டாங்க. ஸ்வீடன்காரங்க, உப்பு ரோடு அவங்களுக்குப் புதுசா என்ன? ஆக, துருவுக்குப் பதில் கிடைச்சு 25 வருஷம் கழிச்சும், மத்தவங்க இரும்பு பைப்பும் பூச்சும் போட்டு லட்சக்கணக்குல வண்டி வித்துட்டு இருந்தாங்க. விலை வித்தியாசம்தான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

கழுவுறது பத்தி ஒரு வார்த்தை. மேல சோப்பு போட்டு மெழுகு தேய்ச்சா பிரேக் பைப்புக்கு ஒண்ணும் ஆகாது. அடியில இருந்து மேல பீய்ச்சணும். குளிர் கொஞ்சம் விட்ட நாள்ல செய்யணும், சீசன் முடிஞ்சதும் கட்டாயம் ஒரு தடவை செய்யணும். கனடாவுல வருஷா வருஷம் அடியில எண்ணெய் மாதிரி ஒரு ஸ்பிரே அடிச்சு விடுற பழக்கம் இருக்கு. புது வண்டியில இருந்தே அடிச்சா நல்ல பலன். ஏற்கனவே செதில் விட்ட பைப் மேல அடிச்சா, துரு பளபளன்னு தெரியும், அவ்வளவுதான்.

போன எபிசோடுக்கு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "அண்ணா, ஏபிஎஸ் இருந்தா இந்தப் பிரச்சினை வராதா?" வரும்மா. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கும். அதுவும் இதே பைப், இதே ஆயில் வழியாத்தான் வேலை செய்யணும். ஆயில் ரோட்டுல ஒழுகிட்டா அதால என்ன பண்ண முடியும்? இன்னொருத்தர், அப்பா வெச்சிருக்கிற 18 வருஷப் பழைய காரோட பிரேக் பைப்பை இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லைனு எழுதியிருந்தார், ஊர் தூத்துக்குடி. இந்த ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க தம்பி. லிஃப்ட் இருக்கிற பட்டறையாப் பார்த்துப் போங்க, நீங்களும் அடியில நின்னு பாருங்க. என்ன தெரிஞ்சுதுன்னு எழுதுங்க, அடுத்த வாரம் படிக்கிறேன்.